இடக்கை எழுதும்போது அசையும் வலக்கை: பிறவியிலேயே மூளைப் பிளவுள்ள ஒரு சிறுவன் குறித்த நிகழ்வு ஆய்வு

பென்னாகரம் வட்டத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து ஆறு வயதுச் சிறுவன் ஒருவனை அவனுடைய தாயும் அப்பத்தாவும் அழைத்து வந்தனர். குடும்பத்தை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை இந்த ஆய்வில் மாற்றியிருக்கிறேன். மூன்று நாட்களுக்கு முன் விடியற்காலையில் அவனுக்கு வலக்கை விரல்களில் தொடங்கி வலப்பக்க முகம் வரை பரவிய வலிப்பு வந்து, ஏறத்தாழ ஐந்து நிமிடம் நீடித்திருக்கிறது. அவர்கள் வந்த காரணம் அதுதான். ஆனால் உரையாடலின் நடுவில் தாய் வேறொன்றையும் சொன்னார். பையன் இடக்கையால் எழுதும்போது வலக்கையும் மேசைமேல் அதே போல் நெளிகிறதாம். பள்ளியில் சேட்டை என்று கண்டிக்கிறார்களாம். வலிப்புக்கு வந்த குடும்பம் போகிற போக்கில் சொன்ன இந்தச் செய்திதான் அவனுடைய மூளையின் வரலாற்றைத் திறந்து காட்டியது.

அவன் நிறைமாதத்தில் சுகப்பிரசவத்தில் பிறந்தவன், எடை 2.7 கிலோ. பிறந்தவுடன் அழவில்லை என்றும், பிரசவம் பார்த்த செவிலியர் தாமதித்ததே எல்லாவற்றுக்கும் காரணம் என்றும் குடும்பத்தில் ஒரு நம்பிக்கை இருந்தது. பத்திரமாக மடித்து வைத்திருந்த பிரசவ அட்டையிலோ குழந்தை உடனே அழுததாகத்தான் எழுதியிருந்தது. ஐந்தாறு மாதத்திலேயே அவன் கிலுகிலுப்பை முதல் எல்லாவற்றையும் இடக்கையால் மட்டுமே எட்டிப் பிடித்திருக்கிறான். இடக்கைப் பழக்கம் என்று வீட்டில் விட்டுவிட்டார்கள். ஒரு வயதுக்கு முன் ஒரு கையை மட்டும் தெளிவாகத் தேர்ந்தெடுக்கும் குழந்தைக்கு அது பழக்கமன்று, மற்றக் கையின் பலவீனம் என்று கருதி ஆராய வேண்டும் என்பது குழந்தை மருத்துவத்தின் பழைய பாடம். தடுப்பூசி போடும் நாட்களில் அதைக் கவனிக்கும் வாய்ப்பு நம் எல்லோருக்கும் இருந்தது. அவன் 20 மாதத்தில் நடந்தான். பேச்சும் சற்றுப் பிந்தியே வந்தது. பெற்றோர் இருவரும் ஆண்டில் பல மாதம் பெங்களூரில் கட்டட வேலைக்குச் செல்வதால் பையன் பெரும்பாலும் அப்பத்தாவிடம்தான் வளர்ந்தான்.

அப்பத்தாவுக்கு இருந்த கவலை வேறு. பேரன் பீச்சாங்கையால் சோறு தின்பதை அவரால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. அவனுக்கு மூன்றரை வயதானபோது, சாப்பாட்டு வேளைகளில் இடக்கையைத் துண்டால் இடுப்போடு கட்டிவிட்டு, களியை வலக்கையால்தான் கிள்ளித் தின்ன வேண்டும் என்று பல வாரம் பழக்கியிருக்கிறார். பையன் சாப்பிடவே மறுத்து எடை குறைந்ததும் அதை விட்டுவிட்டார். இதைச் சொல்லும்போது அவர் குற்றவாளி போலத் தலை குனிந்திருந்தார். அவருக்குத் தெரியாமலே அவர் செய்தது என்ன என்பதைச் சிகிச்சைப் பகுதியில் சொல்கிறேன்.

பரிசோதனையில் தலைச் சுற்றளவு இயல்பின் கீழ் எல்லையில் இருந்தது. வலக்கையின் முழங்கையிலும் மணிக்கட்டிலும் தசை இறுக்கம் மிதமாகக் கூடியிருந்தது. வலக்காலில் குதிகால் முழுமையாகப் பதியவில்லை. வலக்கையால் பொருளைப் பற்றவும் விடவும் அவனால் முடிந்தது. ஆனால் விரல்களைத் தனித்தனியாக அசைக்க இயலவில்லை. பார்வைப் புலத்தில் குறை தெரியவில்லை.

இடக்கைப் பெருவிரலால் மற்ற விரல்களை ஒவ்வொன்றாகத் தொடச் சொன்னபோது, மடியில் கிடந்த வலக்கை விரல்களும் கூடவே மடங்கின. வலக்கையை மூடித் திறக்கச் சொன்னபோது இடக்கையும் மூடித் திறந்தது. அடக்கிக்கொள் என்று சொன்னபோது முயன்றான், முடியவில்லை. இதைக் கண்ணாடி அசைவு என்கிறோம். சிறு குழந்தைகள் எல்லோரிடமும் இது லேசாக உண்டு. மூளையின் இரு அரைக்கோளங்களையும் இணைக்கும் கார்பஸ் கலோசம் என்ற நரம்பிழைக் கற்றை முதிர முதிரப் பத்து வயதுக்குள் பெரும்பாலும் மறைந்துவிடும். இவனிடம் இருந்ததோ அந்த அளவைத் தாண்டிய, இரு திசையிலும் நிகழ்கிற, வலுவான அசைவு. கண்ணாடி அசைவு மட்டுமே குறையாக இருந்து கை பலவீனம் இல்லாத பிள்ளைகளிடம் டி.சி.சி. போன்ற மரபணுக்களின் மாற்றத்தைத் தேடுவதுண்டு. ஒரு பக்கத்துக் கையும் காலும் பலவீனமாக இருக்கும் இவனிடம் அதற்குத் தேவையில்லை.

அடுத்து அவன் கண்ணைக் கட்டி, வலக்கையில் ஒவ்வொரு பொருளாக வைத்தோம்: சாவி, ஒரு ரூபாய் நாணயம், சட்டைப் பொத்தான், புளியங்கொட்டை, நிலக்கடலை, சாக்குக்கட்டி. புளியங்கொட்டையைப் பொத்தான் என்றான். மற்ற ஐந்தையும் சரியாகச் சொன்னான். விரலைத் தனியாக மடக்கத் தெரியாத கை, தன்மேல் வைக்கப்பட்ட பொருளை இவ்வளவு நன்றாக அறிந்துகொண்டது எனக்கு வியப்பாக இருந்தது. இயக்கம் ஒரு வழியிலும் உணர்ச்சி வேறொரு வழியிலும் செல்லும் மூளை இது என்ற ஐயம் அப்போதுதான் உறுதியாயிற்று.

வலிப்பு வந்த அன்றே வேறிடத்தில் எடுத்திருந்த சி.டி. படத்தில் இடது அரைக்கோளத்தில் ஒரு குழிவு காணப்பட்டு, பிரசவத்தின்போது ரத்த ஓட்டம் தடைப்பட்டதால் உண்டான பழைய தழும்பு என்று எழுதப்பட்டிருந்தது. செவிலியர் மீதான வீட்டாரின் பழியை அந்த ஒரு வரி உறுதிப்படுத்திவிட்டது. எம்.ஆர்.ஐ. எடுத்த பிறகு கதை மாறியது. இடது நெற்றி மடலுக்கும் உச்சி மடலுக்கும் இடைப்பட்ட பகுதியில், மூளையின் வெளிப்பரப்பிலிருந்து உள்ளிருக்கும் திரவ அறை வரை நீண்ட ஒரு பிளவு இருந்தது. அதன் இரு விளிம்புகளும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தன. திரவ அறையின் சுவரில் அது சேரும் இடத்தில் சிறு குமிழ் போன்ற குழிவு தெரிந்தது. எல்லாவற்றையும்விட முக்கியமாக, பிளவின் இரு கரைகளிலும் நரம்பணுக்கள் அடர்ந்த சாம்பல் நிறப் பொருள் வரிசையாகப் படிந்திருந்தது. இரு அறைகளுக்கும் இடையிலான மெல்லிய தடுப்பு இருந்தது. பார்வை நரம்புகள் இயல்பாக இருந்தன. வலது அரைக்கோளத்தில் குறை ஏதும் இல்லை. மூளைத் தண்டின் இடப்பாதி மட்டும் மெலிந்திருந்தது. கீழிறங்கும் இயக்க நரம்பிழைகள் அந்தப் பக்கத்தில் குறைவு என்பதற்கு அதுவே சான்று.

இந்தக் குறைபாட்டுக்கு ஸ்கைசென்செஃபலி என்ற பெயரை யாகோவ்லெவும் வாட்ஸ்வொர்த்தும் 1946-இல் இட்டனர். விளிம்புகள் தொடும் வகை, விலகி நிற்கும் வகை என்று இரண்டு உண்டு. இவனுடையது முதல் வகை, ஒப்பீட்டளவில் மென்மையானது. கருவுற்ற காலத்தில் எடுத்த இரண்டு ஸ்கேனிலும் இது அகப்படாமல் போனதில் வியப்பில்லை. விளிம்புகள் ஒட்டியிருக்கும் பிளவு அல்ட்ராசவுண்டில் எளிதில் தப்பிவிடும்.

கரையில் படிந்திருக்கும் அந்தச் சாம்பல் பொருள் ஒரு தேதி முத்திரை. நரம்பணுக்கள் மூளையின் மேற்புறணியில் பிறப்பதில்லை. உள்ளே திரவ அறையின் ஓரத்தில் பிறந்து, கருவின் ஏறத்தாழ எட்டாவது வாரம் முதல் 24-ஆவது வாரம் வரை வெளிநோக்கி இடம்பெயர்கின்றன. ஆரக்கிளியா எனப்படும் நீண்ட அணுக்களின் இழைகளைப் பற்றிக்கொண்டு, கொழுகொம்பைப் பற்றிய கொடி போல அவை ஏறுவதைப் பாஸ்கோ ராகிச் 1972-இல் குரங்குக் கருக்களில் காட்டினார். முந்திப் பிறந்தவை கீழ் அடுக்கில் அமர, பிந்திப் பிறந்தவை அவற்றைத் தாண்டி மேல் அடுக்குக்குச் செல்கின்றன. இந்தப் பயணம் நடந்துகொண்டிருக்கும்போது மூளைச் சுவரின் ஒரு பகுதி அழிந்தால், வந்துகொண்டிருக்கும் நரம்பணுக்கள் மிச்சமிருக்கும் கரையிலேயே குடியேறி அதைச் சாம்பல் பொருளால் மூடிவிடுகின்றன. பயணம் முடிந்த பிறகு ஏற்படும் அழிவில் குடியேற யாரும் மிச்சமில்லை. ஆகவே அந்தக் குழியின் கரையில் நரம்பிழைகளாலான வெண்பொருளும் தழும்பும்தான் இருக்கும். இவனுடைய மூளையில் நடந்தது ஐந்தாம் மாதத்தையொட்டியோ அதற்கு முன்னரோ நடந்தது. பிரசவ அறைக்கும் அதற்கும் தொடர்பில்லை. இதைத் தந்தையிடம் தொலைபேசியில் விளக்கியபோது அவர் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, அந்தச் செவிலியரை இன்றும் ஊரில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வேன் என்றார்.

நானும் ஒரு தவறு செய்தேன். படத்தைக் காட்டி “மூளையில் ஒரு பிளவு இருக்கிறது” என்றவுடன் அப்பத்தா மருமகள் பக்கம் திரும்பி, “கிரகணத்தன்னிக்கு அரிவாமனையத் தொடாதேன்னு அப்பவே சொன்னேனே” என்றார். கிரகணத்தின்போது காய் நறுக்கினால் குழந்தைக்கு உதடு பிளக்கும் என்ற நம்பிக்கை இங்கே வலுவாக உண்டு என்பதை அறிந்திருந்தும், அந்தச் சொல்லை யோசிக்காமல் பயன்படுத்திவிட்டேன். செவிலியரை விட்டு இறங்கிய பழி நொடியில் தாயின் தலையில் ஏறிவிட்டது. அதன்பின் இத்தகைய குடும்பங்களிடம் நான் “மூளையின் மடிப்பு ஓரிடத்தில் சரியாகச் சேரவில்லை” என்றே சொல்கிறேன்.

பெற்றோர் உறவில் மணந்தவர்கள். தாய் மணந்திருப்பது தன் தாய்மாமனை. இதைக் கேட்டவுடன் காரணம் கிடைத்துவிட்டது என்று நினைக்கும் பழக்கம் மருத்துவர்களிடமும் உண்டு. ஆனால் இந்தக் குறைபாடு பெரும்பாலும் குடும்பத்தில் ஒருவருக்கு மட்டும் தனியாக நேர்வது. கருவில் ரத்த ஓட்டம் தடைப்படுதல், சைட்டோமெகலோ வைரஸ் தொற்று ஆகியவை அறியப்பட்ட காரணங்கள். தெளிவாகத் தொடர்புபடுத்தப்பட்ட மரபணுவான சி.ஓ.எல்.4.ஏ.1, ரத்த நாளச் சுவரைச் சார்ந்தது. அதன் ஒரு பிரதி மாறினாலே நோய் வரும் என்பதால் உறவுத் திருமணம் அதற்கு விளக்கமாகாது. அந்த மரபணுக் கோளாற்றில் காணப்படக்கூடிய சிறுநீர் ரத்தமோ விழித்திரை நாளக் கோணலோ இவனிடம் இல்லை. செலவைக் கருதி மரபணுச் சோதனையைத் தள்ளி வைத்தோம். வைரஸைப் பொறுத்தவரை, ஆறு வயதில் ரத்தத்தில் எதிர்ப்பொருள் தேடிப் பயனில்லை. நம் நாட்டில் பெரும்பாலோர் பிறந்த பிறகும் அந்தத் தொற்றைப் பெறுகிறார்கள். காரணம் தெரியவில்லை என்பதே நேர்மையான விடை. அடுத்த குழந்தையைப் பற்றித் தாய் கேட்டார். மீண்டும் நேர்வதற்கான வாய்ப்பு குறைவு என்றும், ஐந்தாம் மாத ஸ்கேனை மூளையைக் குறிப்பாகப் பார்க்கச் சொல்லி எடுக்க வேண்டும் என்றும் கூறினேன்.

இனி, வலக்கை ஏன் இடக்கையைப் பின்பற்றுகிறது என்பதற்கு வருவோம். மூளைப் புறணியிலிருந்து தண்டுவடத்துக்கு இறங்கும் இயக்க இழைகள் ஏறத்தாழ 24-ஆவது வாரத்தில் கழுத்துப் பகுதியை அடைகின்றன. தொடக்கத்தில் ஒவ்வொரு அரைக்கோளமும் உடலின் இரு பக்கத்துக்கும் இழைகளை அனுப்புகிறது. பிறந்தபின் முதல் ஓரிரண்டு ஆண்டுகளில் இரு அரைக்கோளங்களின் இழைகளும் தண்டுவடத்து நரம்பணுக்களுக்காகப் போட்டியிடுகின்றன. அதிகமாக இயங்கும் எதிர்ப்பக்க இழை வெல்கிறது, அதே பக்கத்து இழைகள் பெரும்பாலும் பின்வாங்குகின்றன. நம் எல்லோருக்கும் இடது மூளை வலக்கையை ஆள்வது இந்தப் போட்டியின் முடிவு. இச்சிறுவனின் இடது அரைக்கோளத்தில் போட்டியிட ஆளில்லை. ஆகவே வலது அரைக்கோளத்தின் இழைகள் பின்வாங்காமல் வலக்கைக்கும் தங்கிவிட்டன. அவனுடைய தந்தை ஏரிப்பாசனம் அறிந்தவர். ஒரே மதகு, இரண்டு வாய்க்கால், திறந்தால் இரண்டிலும் தண்ணீர் பாயும் என்றபோது உடனே பிடித்துக்கொண்டார். பள்ளியில் சேட்டை என்று கண்டிக்கப்பட்டது இந்த மதகின் நீரோட்டம்தான்.

உணர்ச்சிப் பாதையின் கதை வேறு. மூளையின் உட்பகுதியில் உணர்ச்சிகளை வாங்கி அனுப்பும் தலாமஸிலிருந்து புறணிக்குச் செல்லும் இழைகள் முன்னரே வந்து, புறணிக்கு அடியில் ஓர் இடைத் தளத்தில் வாரக்கணக்கில் காத்திருந்து, ஏறத்தாழ 24-ஆவது வாரத்துக்குப் பிறகே உள்ளே நுழைகின்றன. அவை நுழையும்போது பிளவு ஏற்கெனவே அங்கே இருக்கிறது. ஆகவே அதைச் சுற்றிக்கொண்டு தமக்குரிய இடது பக்கப் புறணியையே போய்ச் சேர முடிகிறது. பாதை போட்ட பிறகு மலை சரிவதும், மலை சரிந்த பிறகு பாதை போடுவதும் ஒன்றல்ல. இப்படி வலக்கையின் இயக்கம் வலது மூளையிலும் அதன் உணர்ச்சி இடது மூளையிலும் பிரிந்து நிற்பதை மார்ட்டின் ஷ்டௌட் முதலிய ஜெர்மானிய ஆய்வாளர்கள் காந்தத் தூண்டலாலும் செயல்பாட்டு எம்.ஆர்.ஐ.யாலும் காட்டியுள்ளனர். சேதம் எவ்வளவு முந்தி நேர்கிறதோ அவ்வளவு நன்றாக அதே பக்கத்து இழைகளால் கை இயங்குகிறது என்பதும் அவர்களுடைய முடிவு. அந்தக் கருவிகள் நம் மாவட்டத்தில் இல்லை; இங்கே கண்ணாடி அசைவும் கண்ணைக் கட்டிய சோதனையும்தான் எங்கள் கருவி. எனவே இவன் மூளையைப் பற்றி நான் சொல்வது அறிகுறிகளிலிருந்து செய்த ஊகமே, அளந்தறிந்த உண்மையன்று.

வளரும் நரம்பிழைகள் தடையைக் கண்டு நின்றுவிடுவதில்லை என்பதற்கு வேறு சான்றுகளும் உண்டு. வலது அரைக்கோளமே வளராத ஒரு பத்து வயதுச் சிறுமியின் இடது மூளையில் இரு பக்கப் பார்வைப் புலங்களும் பதிவாகியிருந்ததை முக்லி குழுவினர் 2009-இல் வெளியிட்டனர். கார்பஸ் கலோசம் உருவாகாதவர்களில், எதிர்ப்பக்கம் கடக்க முடியாத இழைகள் திரும்பி முன்னும் பின்னுமாக ஓடும் கற்றைகளாகின்றன. புரோப்ஸ்ட் கற்றை என்ற பெயருடைய இவை நூறாண்டுக்கும் மேலாக அறியப்பட்டவை. ஆனால் இழை எங்கோ போய்ச் சேர்ந்துவிட்டது என்பதாலேயே பயன் உண்டு என்று சொல்லிவிட முடியாது. சிறுவயது மூளை எதையும் சரிக்கட்டிவிடும் என்று நம் மருத்துவமனைகளில் எளிதாகச் சொல்லும் ஆறுதலில் எனக்கு உடன்பாடில்லை. இந்தச் சிறுவனே அதற்குக் காரணம்.

அவனுடைய தழுவலுக்கு மூன்று விலைகள் தெரிகின்றன. ஒன்று, ஆணை பிறக்கும் இடமும் உணர்ச்சி வந்து சேரும் இடமும் வெவ்வேறு அரைக்கோளங்களில் இருப்பதால், நாணயத்தை அறிந்துகொள்ளும் கை அதை விரலிடையே திருப்பத் தடுமாறுகிறது. மற்றவர்களிடம் இவ்விரண்டும் ஒரே மடிப்பின் இரு கரைகளில் அடுத்தடுத்து இருக்கின்றன. இரண்டு, அவன் நன்றாகப் பேசுகிறான், கதை சொல்கிறான், ஆனால் கட்டங்களை அடுக்குவதிலும் படம் பார்த்து வரைவதிலும் வயதுக்கு மிகவும் பின்தங்கியிருக்கிறான். இடது மூளையில் அமைய வேண்டிய மொழி வலது பக்கம் குடிபெயரும்போது, அங்கே இருக்க வேண்டிய இடஞ்சார்ந்த திறன்கள் நெருக்கடிக்கு உள்ளாவது இத்தகைய பிள்ளைகளிடம் கண்டறியப்பட்ட ஒன்று. இவனிடமும் அதுவே நடந்திருக்கக்கூடும். மூன்று, வலிப்பு. முதிராத நரம்பணுவுக்குள் குளோரைடு மிகுந்திருப்பதால் பிற்காலத்தில் அடக்கும் பொருளாகிய காபா அப்போது தூண்டும் பொருளாகச் செயல்படுகிறது. வளர்ச்சிக்கு அது தேவையும்கூட. உருக்குலைந்த புறணியில் இந்த இளமைத் தன்மை காலங்கடந்தும் நீடிப்பது வலிப்புக்கு ஒரு காரணம் என்று கருதப்படுகிறது. மூளையின் மின்னலைகளைப் பதியும் இ.இ.ஜி.யில், இவனுக்குப் பிளவைச் சுற்றிய பகுதியிலிருந்தே கூர் அலைகள் எழுந்தன.

லெவெடிராசெட்டம் என்ற வலிப்பு மருந்தைத் தொடங்கினோம். இரண்டு வாரத்தில் வலிப்பு நின்றது, எரிச்சலும் அழுகையும் கூடின. மருந்தளவைச் சற்றுக் குறைத்ததும் தணிந்தன. அதன்பின் வந்த வலிப்பு ஒன்றே ஒன்று: பெற்றோரோடு பெங்களூர் சென்றிருந்தபோது மருந்து தீர்ந்து, காய்ச்சலும் சேர்ந்த நாளில்.

கைப் பயிற்சியில் முடிவெடுப்பது அவ்வளவு எளிதாக இல்லை. நல்ல கையைக் கட்டிவைத்துப் பலவீனமான கையை மட்டும் உழைக்கச் செய்யும் முறை எட்வர்ட் டாப் என்பவரின் ஆய்வுகளிலிருந்து வளர்ந்தது. உலகெங்கும் வழக்கத்தில் உள்ளது. அப்பத்தாவின் துண்டு அதுவேதான். கொள்கை சரி, பசித்த பிள்ளையின் சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால், அதட்டலோடு, அளவில்லாமல் செய்ததுதான் பிழை. இதைச் சொன்னபோது அவர் முதன்முறையாக நிமிர்ந்து உட்கார்ந்தார். ஆனால் இந்தப் பையனைப் போல அதே பக்கத்து இழைகளால் கையை இயக்குபவர்களுக்கு அம்முறை எல்லோரையும் போலவே பயன் தருமா என்பது கேள்வி. 2008-இல் வந்த ஒரு ஜெர்மானிய ஆய்வில், எதிர்ப்பக்க இழை உள்ளவர்களின் கை இயக்கம் தரத்திலும் வேகத்திலும் தேறியது; அதே பக்கத்து இழை உள்ளவர்களுக்குத் தரம் தேறினாலும் வேகம் கூடவில்லை, சிலருக்குக் குறையவும் செய்தது.

எனவே மூன்று வாரம் மட்டும், நாளுக்கு இரண்டு மணி நேரம், இடக்கையில் பருத்திக் கையுறை போட்டு, விளையாட்டாக அதைச் செய்தோம். ஆய்வில் சொன்னதே எங்கள் கண்முன்னும் நடந்தது: பொருட்களைக் கீழே போடுவது வெகுவாகக் குறைந்தது, கை முன்னைவிட மெதுவாயிற்று. அதன்பின் இரு கைகளும் வெவ்வேறு வேலை செய்ய வேண்டிய பயிற்சிக்கு மாறினோம். கண்ணாடி அசைவு உண்மையில் இடைஞ்சல் செய்வது அங்கேதான். இடக்கை மூடியைத் திருகும்போது வலக்கை பாட்டிலைத் திருகாமல் பிடித்திருக்க வேண்டும். பயிற்சிக் கருவிகளை வெளியிலிருந்து வாங்கவில்லை. புளி உடைத்துக் கொட்டை எடுப்பது அந்த வீட்டில் பருவந்தோறும் நடக்கும் வேலை. வலக்கை ஓட்டைப் பிடிக்க, இடக்கை நாரை உரிக்க வேண்டும். கடலை உரிப்பது, கன்றுக்குட்டியின் கயிற்றை முடிவது, அப்பத்தா பூக் கட்டும்போது நாரின் ஒரு முனையை இழுத்துப் பிடிப்பது என்று பயிற்சி வீட்டுக்குள்ளேயே கரைந்துவிட்டது. பத்து வாரத்தில் சாப்பாட்டு டப்பாவைத் தானே திறந்தான். கண்ணாடி அசைவு சிறிதும் குறையவில்லை. குறையும் என்று நாங்கள் எதிர்பார்க்கவும் இல்லை.

பள்ளிக்கு ஒரு கடிதம் கொடுத்தோம்: வலக்கை அசைவது அவன் விருப்பத்தால் அல்ல, கரும்பலகையைப் பார்த்து எழுதக் கூடுதல் நேரம் தேவை, வரைபடத்துக்குப் பதில் வாய்மொழி விடையை ஏற்க வேண்டும். மாற்றுத்திறன் சான்றிதழுக்கும் விண்ணப்பிக்கச் சொன்னோம். கடிதம் போன பிறகு கண்டிப்பு நின்றதாகத் தாய் சொன்னார்.

ஓராண்டு மறுபரிசோதனையில் அவனை ஒரு பக்கம் எழுதச் சொன்னேன். நாற்காலியில் ஏறி உட்கார்ந்தவன், பென்சிலை இடக்கையில் எடுக்கும் முன், வலக்கையைத் தொடைக்கு அடியில் செருகிக்கொண்டான். யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டேன். யாருமில்லை என்றான், அப்படி வைத்தால் அது சும்மா இருக்கும் என்றான். எழுதி முடிக்கும் வரை அந்தப் பக்கத்துத் தோள் மட்டும் லேசாகக் குலுங்கிக்கொண்டிருந்தது.